கழுத்து டிஸ்க்குக்கு ஆபரேஷன் பண்ணிக்கலாமா? மூணு டாக்டர் மூணு பதில்

கொளத்தூர் டெய்லரக்கா | ஜூலை 2

எல்லாருக்கும் வணக்கம். நான் கொளத்தூர்ல ப்ளவுஸ் தைக்கிறேன், ஆரி ஒர்க்கும் பண்றேன், வயசு 44. பத்தொன்பது வருஷமா குனிஞ்ச தலை நிமிராத பொண்ணு (அடக்கம்லாம் இல்ல, ஜர்தோசி கோக்கணும்னா குனிஞ்சு தானே ஆகணும்).

சித்திரை வைகாசி முகூர்த்த ஆர்டர் எல்லாம் முடிச்ச கையோட மே முதல் வாரத்துல ஒரு நாள் காலைல எந்திரிக்கறேன், வலது தோள்பட்டைலேர்ந்து கட்டை விரல் வரைக்கும் யாரோ கரண்ட் கம்பிய உள்ள விட்டு உருவுற மாதிரி வலி. கழுத்து பிடிச்சிக்கிச்சு போலன்னு தைலம் தேச்சு வெந்நீர் ஒத்தடம் குடுத்து ரெண்டு நாள் ஓட்டுனேன், மூணாவது நாள் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போச்சு. ஆரிக்கு அந்த ரெண்டு விரல் தாங்க முதலீடே. இப்ப ஊசி கைல இருக்கா கீழ விழுந்துடுச்சான்னு கண்ணால பாத்தா தான் தெரியுது. அது கூட பரவால்ல, இஸ்திரி பொட்டிய தூக்கினா மணிக்கட்டு அப்படியே கீழ மடங்கிடுது. ரெண்டு கையால தூக்கறேன். போன வாரம் கஸ்டமர் பட்டு ப்ளவுஸ் மேல நழுவி விழுந்துச்சு, மேல காடா துணி போட்டிருந்ததால தப்பிச்சேன், இல்லன்னா அந்தம்மா என்ன உண்டு இல்லன்னு பண்ணிருப்பாங்க.

ஒண்ணு மட்டும் புரியல. வலது கையத் தூக்கி தலை மேல வச்சுக்கிட்டா வலி பாதி கொறைஞ்சிடுது. ராத்திரி அப்படி தான் தூங்கறேன், டிவி பாக்கறப்பவும் அப்படி தான். எங்கம்மா தெனம் திட்டு, "தலைல கை வச்சு உக்காராதடி, குடும்பத்துக்கு ஆகாது"ன்னு. ஏற்கெனவே ஆகாம தான்மா இருக்குன்னு சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

எம்ஆர்ஐ எடுத்தாச்சு. சி5-சி6ல, அதாவது கழுத்து எலும்பு அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல, மெத்தை மாதிரி இருக்கற டிஸ்க் வலது பக்கமா பிதுங்கி சி6 நரம்ப அழுத்துதாம், சி6-சி7ல லேசான பல்ஜாம் (உப்பல்), தீக்கல் சாக் இன்டென்டேஷன்னு ஒரு வரி, ஸ்பைனல் கார்டு சிக்னல் நார்மல்னு ஒரு வரி. அந்த இன்டென்டேஷன்ங்கற வார்த்தைய படிச்சதுலேர்ந்து தூக்கம் போச்சு.

மூணு டாக்டர பாத்துட்டேன். முதல் டாக்டர் ரெண்டு லெவலும் சேத்து ஃப்யூஷன் பண்ணிடலாம்னாரு, ஏசிடிஎஃப்னு பேராம், முன் கழுத்துல கீறி டிஸ்க்க மொத்தமா எடுத்துட்டு நடுவுல கேஜ் வச்சு ப்ளேட் ஸ்க்ரூ போட்டு எலும்பெல்லாம் ஒண்ணா சேந்துக்கற மாதிரி பண்றது, லேட் பண்ணா கை விளங்காம போயிடும்னு வேற சொன்னாரு. எஸ்டிமேட் 3,80,000. ரெண்டாவது டாக்டர் சி5-சி6 ஒண்ணு மட்டும் போதும், இஷ்டப்பட்டா ஃப்யூஷனுக்கு பதிலா செயற்கை டிஸ்க் வைக்கலாம்னாரு. மூணாவது டாக்டர் ரிப்போர்ட்ட ஒரு ஓரமா வச்சுட்டு என் கையத் தான் பத்து நிமிஷம் அமுக்கி இழுத்துப் பாத்தாரு, இன்னும் ஆறு வாரம் மாத்திரை பிசியோன்னு போகலாம், பவர் கொறைஞ்சா உடனே வாங்கன்னாரு. யார நம்பறது?

ஆடி பொறக்கப் போவுது, எனக்கு வேலை கம்மியா இருக்கறது அந்த ஒரு மாசம் தான். பண்றதுன்னா இப்பவே பண்ணிடணும்னு தோணுது, ஆனா மாமியார் ஆடில உடம்புல கத்தி வைக்கக் கூடாதுங்கறாங்க. ஆவணில ஏழு கல்யாண ஆர்டருக்கு அட்வான்ஸ் வாங்கி செலவும் பண்ணிட்டேன். ஆபரேஷன் பண்ணவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, கழுத்து திரும்புமா, குரல் போயிடுமா, திரும்ப ஊசி பிடிக்க முடியுமா, பண்ணாம விட்டா நெஜமாவே கை விளங்காம போயிடுமா. காலைல எட்டு மணிக்குள்ள பதில் போட்டா புண்ணியமா போவும், அதுக்கப்பறம் கடைல போன் பாக்க முடியாது.

---

ஓஎம்ஆர் ரைடர் | ஜூலை 2

அக்கா நான் 2022ல பண்ணிக்கிட்டேன், சி6-சி7 ஒரு லெவல், அப்ப வயசு 36. சோழிங்கநல்லூருக்கு தெனம் பைக், மெட்ரோ வேலைக்கு தோண்டின ரோட்ல ஒவ்வொரு குழிக்கும் கழுத்துல ஒரு குத்து விழும்.

எனக்கு நடு விரல் மரத்துச்சு, கைய நீட்டி தள்ற பவர் போச்சு. எங்க வீட்டு பாத்ரூம் கதவு கொஞ்சம் இறுக்கம், வலது கையால தள்ளினா தொறக்காது, தோள வச்சு தள்ளுவேன். நாலு மாசம் மாத்திரை, ட்ராக்ஷன் (கழுத்த இழுத்து வைக்கறது), பிசியோ எல்லாம் பாத்தேன், வலி கொறைஞ்சுது ஆனா பவர் மாசத்துக்கு மாசம் எறங்கிட்டே போச்சு, அதனால தான் ஒத்துக்கிட்டேன். வலிக்காக பண்ணல, பவருக்காக பண்ணேன், இத நோட் பண்ணிக்கோங்க.

மயக்கம் தெளிஞ்சு கண்ணு முழிச்சப்பவே கைல அந்த கரண்ட் வலி இல்ல. சினிமா மாதிரி இருந்துச்சு. ஆனா தொண்டை! யாரும் என்கிட்ட சரியா சொல்லல. கழுத்துக்கு முன்னாடிலேர்ந்து போறதால மூச்சுக்குழாய் உணவுக்குழாய் ரெண்டையும் ஒரு பக்கமா ஒதுக்கி பிடிச்சுக்கிட்டு தான் எலும்புக்கு போறாங்க, அது வீங்கிக்கும். மூணு வாரம் குழைய வடிச்ச ரசம் சாதம் தான். இட்லிய பால்ல ஊற வச்சு முழுங்குவேன், மாத்திரைய பொடி பண்ணி தேன்ல. குரல் ஒரு மாசம் கரகரன்னு இருந்துச்சு, குரல் நாணுக்கு போற நரம்பு அந்த வழில தான் போகுதாம், அத இழுத்துப் பிடிக்கறதால வர்றது, முக்கால்வாசி பேருக்கு தானா சரியாயிடும் ஆனா ஒரு சிலருக்கு நிக்கும்னு கையெழுத்து வாங்கறப்பவே எழுதி இருந்துச்சு. நீங்க பாட்டு டீச்சர் இல்லல்ல, அப்ப ஓகே.

கழுத்து திரும்புமான்னா திரும்பும். தலைய எடது வலது திருப்பறதுல பாதி வேலை மேல இருக்கற முதல் ரெண்டு எலும்புக்கு நடுவுல தான் நடக்குது, கீழ ஒரு லெவல் ஒட்டினா பெருசா தெரியாது. பைக்ல பின்னாடி திரும்பி பாக்கறப்ப லேசா ஒரு இறுக்கம், அவ்ளோ தான். ரெண்டு லெவல்னா இன்னும் கொஞ்சம் தெரியும்ங்கறாங்க.

ஆபீசுக்கு நாலாவது வாரம் போயிட்டேன், பைக்க மூணு மாசம் தொடல. எலும்பு நல்லா ஒட்ட ஆறு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் கூட ஆகுமாம். சிகரெட் இருந்தா ஒட்டவே ஒட்டாதுன்னு டாக்டர் கைய கூப்பி கேட்டாரு, விட்டேன் (ஃப்யூஷனால கிடைச்ச ஒரே லாபம்னு என் வைஃப் சொல்லுவா).

கைல பவர் தொண்ணூறு பர்சன்ட் வந்துச்சு, கதவு தொறக்குது. நடு விரல் நுனி இன்னும் மரப்பு தான், மூணு வருஷம் ஆச்சு. உங்களுக்கு ஊசி வேலைங்கறதால சொல்றேன், மரப்பு போகும்னு யாரும் கேரண்டி தர மாட்டாங்க. கழுத்து வலியும் முழுசா போகல, ஏசி காத்து பட்டா பிடிக்கும். கை வலிக்கு இது நல்ல ஆபரேஷன், வெறும் கழுத்து வலிக்கு இத பண்ணிக்காதீங்க.

இன்னொண்ணு, சி6-சி7ல லேசான பல்ஜுன்னு தானே போட்டிருக்கு, அதையும் ஏன் சேத்து ஒட்டணும்னு முதல் டாக்டர்கிட்ட நேரா கேளுங்க. பயப்படாதீங்க, கோவிச்சுக்கிட்டா அதுவும் ஒரு பதில் தான்.

---

பெரம்பூர் பையன் | ஜூலை 2

அக்கா கத்தி மட்டும் வேணாம்க்கா சொல்லிட்டேன். எங்க பெரிப்பாவுக்கு முதுகுல ஆபரேஷன் பண்ணி அப்பறம் அதுக்கு ஒரு ஆபரேஷன் பண்ணி இப்ப தரைல உக்காரவே முடியல. எங்க ஏரியா சலூன்ல ஒரு அண்ணன் இருக்காரு, முடி வெட்டி முடிச்சதும் கழுத்த ரெண்டு பக்கமும் படார் படார்னு ஒரு திருப்பு திருப்புவாரு, எனக்கு அஞ்சு வருஷ கழுத்து வலி ஒரே நாள்ல போச்சு. லேடீஸ்க்கு பண்ணுவாரான்னு தெரியல கேட்டு சொல்றேன்.

---

வேளச்சேரி பிசியோ | ஜூலை 3

தம்பி, பாசத்துல சொல்றீங்க, புரியுது, ஆனா அந்த ஒரு யோசனைய மட்டும் வாபஸ் வாங்கிக்கோங்க. கழுத்து எலும்புங்களுக்கு உள்ளயே பூந்து ரெண்டு பக்கமும் மூளைக்கு ரத்தக் குழாய் போகுது. படார்னு திருப்பறப்ப அதோட உள் சுவர் கிழிஞ்சா பக்கவாதம் வரும், சின்ன வயசுக்காரங்களுக்கே வந்திருக்கு. டிஸ்க் பிதுங்கி நிக்கற கழுத்த திருப்பினா அது தண்டுவடத்துல போய் இடிக்கவும் வாய்ப்பு இருக்கு. சொடக்கு சத்தம் கேட்டா எதோ சரியாச்சுன்னு அர்த்தம் இல்ல.

அக்கா, நான் சர்ஜன் இல்ல, பதினாலு வருஷமா பிசியோ. ஆபரேஷனுக்கு முன்னாடி வர்றவங்களையும் பாத்திருக்கேன், பின்னாடி வர்றவங்களையும் பாத்திருக்கேன். நீங்க எழுதினதுல எனக்கு முக்கியமா பட்டது எம்ஆர்ஐ இல்ல, தலைல கை வைக்கிற விஷயம். அது சாதாரண விஷயம் இல்லக்கா, டாக்டருங்க கேட்டுத் தெரிஞ்சுக்கற அடையாளம் அது. கைய தூக்கி தலைல வச்சா கழுத்துலேர்ந்து எறங்குற நரம்போட இழுவிசை கொறையும், அதனால வலி கொறையும். அப்ப பிரச்சனை நரம்பு வேர்ல இருக்குன்னு ஓரளவு உறுதியா சொல்லலாம். அம்மாகிட்ட சொல்லுங்க, குடும்பத்துக்கு ஆகாதோ என்னமோ, நரம்புக்கு ஆகும்.

கழுத்துல எலும்பு 7, நரம்பு 8 ஜோடி. அஞ்சாவது ஆறாவது எலும்புக்கு நடுவுல வெளிய வர்றது ஆறாவது நரம்பு, அது கட்டை விரல் ஆள்காட்டி விரலுக்கு உணர்ச்சி, மணிக்கட்ட மேல தூக்கற பவர், முழங்கைய மடக்கற பவர்ல ஒரு பங்கு. உங்க இஸ்திரி பொட்டி கதை அச்சா அது தான். ரைடர் தம்பிக்கு ஏழாவது, அதனால தான் அவருக்கு கதவு தள்ள முடியல.

இது நரம்பு வேர் பிரச்சனை. இன்னொரு வகை இருக்கு, அது தண்டுவடமே நசுங்கறது. ரெண்டுக்கும் ஒரே எம்ஆர்ஐ, ஒரே ஆபரேஷன் பேரு, ஆனா அவசரம் வேற. தண்டுவடம் நசுங்கினா காத்திருக்கறது தப்பு, ஆபரேஷன் பண்றதே இருக்கற பவர காப்பாத்தறதுக்கு தான், போனது முழுசா திரும்பும்னு சொல்ல முடியாது. நரம்பு வேர் மட்டும்னா பெரும்பாலானவங்களுக்கு ஆறு வாரத்துலேர்ந்து மூணு மாசத்துக்குள்ள கத்தி இல்லாமயே நல்லா கொறையும், பிதுங்கின டிஸ்க் தானா சுருங்கறதும் உண்டு. ஸ்வீடன்ல 81 பேர மூணா பிரிச்சு, ஆபரேஷன், பிசியோ, கழுத்துப் பட்டைன்னு குடுத்துப் பாத்தாங்க, 1997ல வந்துச்சு அந்த ஆய்வு. ஆபரேஷன் பண்ணவங்களுக்கு நாலு மாசத்துல வலி நல்லா கொறைஞ்சிருந்துச்சு, ஒரு வருஷம் தாண்டி பாத்தா மூணு குரூப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. அதாவது ஆபரேஷன் சீக்கிரம் கொண்டு போய் விடும், பலருக்கு மத்த ரெண்டும் மெதுவா அங்கயே கொண்டு போய் விடும். ஆனா பவர் எறங்கிட்டே போறவங்களுக்கு இந்த கணக்கு பொருந்தாது.

அந்த இன்டென்டேஷன்ங்கற வார்த்தைக்கு தூக்கத்த விடாதீங்க. தண்டுவடத்த சுத்தி தண்ணி நெறஞ்ச ஒரு உறை இருக்கு, டிஸ்க் அந்த உறைய தொட்டா கூட அப்படி எழுதுவாங்க. கார்டு சிக்னல் நார்மல்ங்கற அடுத்த வரிய தான் நீங்க நாலு தடவ படிக்கணும். ஜப்பான்ல வலியே இல்லாத 1211 பேருக்கு கழுத்துல எம்ஆர்ஐ எடுத்தாங்க, 2015ல வெளியாச்சு, அதுல 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்துச்சு. சி6-சி7ல உங்களுக்கு இருக்கற லேசான பல்ஜ் என் கழுத்துலயும் இருக்கும், அதோ அந்த பெரம்பூர் தம்பி கழுத்துலயும் இருக்கும்.

இப்ப நான் கேக்கறதுக்கு பதில் சொல்லுங்க. ஹூக் மாட்டறது, பட்டன் போடறது இடது கையாலயும் கஷ்டமா? நடக்கறப்ப தள்ளாட்டம், கால் பின்னறது? தலைய முன்னாடி குனிஞ்சா முதுகு வழியா கரண்ட் எறங்குதா? சிறுநீர் அவசரமா வருதா, இல்ல போனாலும் முழுசா போகாத மாதிரி இருக்கா? சுகர் இருக்கா? இதுல எதாவது ஒரு கேள்விக்கு ஆமான்னாலும் இந்த இடத்துல பேசிட்டு இருக்காம உடனே சர்ஜன பாருங்க (சுகர் மட்டும் விதிவிலக்கு, அது ஆபரேஷனுக்கு முன்னாடி கட்டுக்குள்ள கொண்டு வரணும்ங்கறதுக்காக).

வீட்டுல ஒரு டெஸ்ட். முழங்கைலேர்ந்து மணிக்கட்டு வரை டேபிள் மேல, கை மட்டும் விளிம்புக்கு வெளிய, உள்ளங்கை கீழ பாத்த மாதிரி. ஒரு லிட்டர் தண்ணி பாட்டில பிடிச்சுக்கிட்டு மணிக்கட்ட மேல தூக்கி எறக்குங்க. மொதல்ல இடது எத்தன தடவ, அப்பறம் வலது எத்தன தடவ. வலி வந்தா நிறுத்திடுங்க. வாரம் ஒரு நாள், ஒரே நேரம், எழுதி வைங்க.

---

கொளத்தூர் டெய்லரக்கா | ஜூலை 3

மேடமா சாரான்னு தெரியல, ரொம்ப நன்றி, அம்மாகிட்ட படிச்சு காட்டினேன், "அந்த பிசியோவுக்கு என்ன தெரியும்"ன்னுட்டாங்க. இடது கைல ஒண்ணும் இல்ல, ஹூக் எல்லாம் இப்ப இடது கையால தான் வைக்கிறேன். நடை சரியா இருக்கு, குனிஞ்சா கரண்ட் வலது கைக்கு தான் போவுது முதுகுக்கு போவல. யூரின் நார்மல். சுகர் பார்டர்னு சொல்லிருக்காங்க. பாட்டில் டெஸ்ட் பண்ணேன், இடது 25, வலது 7ல கை நடுங்க ஆரம்பிச்சுடுச்சு. 7ங்கறது ரொம்ப மோசமா?

---

வில்லிவாக்கம் பெரியவர் | ஜூலை 4

அம்மா, நான் ஐசிஎஃப்ல (ரயில் பெட்டி தொழிற்சாலை) வேலை பாத்து ரிடையர் ஆனவன், வயசு 71. பிசியோ தம்பி சொன்ன ரெண்டாவது வகை நான் தான். உங்களுக்கு அது இல்லன்னு தெரிஞ்சாலும் இத படிக்கற வேற யாருக்காவது உதவும்னு எழுதறேன்.

எனக்கு வலியே கிடையாது. அது தான் வினை. ஒரு நாள் மார்க்கெட் போயிட்டு வீட்டு வாசல்ல பாக்கறேன், இடது கால்ல செருப்பு இல்ல. எங்க கழண்டுச்சுன்னே தெரியாது, வெறும் காலோட தார் ரோட்ல நடந்து வந்திருக்கேன். வீட்ல சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அப்பறம் சட்டை பட்டன் போட பத்து நிமிஷம், பென்ஷன் பேப்பர்ல கையெழுத்து மாறிப் போச்சுன்னு பேங்க்ல திருப்பி அனுப்பினாங்க. வயசாச்சுன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன், பேங்க்கு போய் புது கையெழுத்து குடுத்தேன் பாருங்க, அந்த புத்திசாலித்தனத்த என்ன சொல்றது. ஒண்ணரை வருஷம் போச்சு. ஒரு நியூராலஜி டாக்டர் என் நடு விரல் நகத்த சும்மா ஒரு சுண்டு சுண்டினாரு, கட்டை விரல் தானா துள்ளி மடங்குச்சு. அதப் பாத்த உடனே கழுத்து எம்ஆர்ஐ எழுதிக் குடுத்தாரு.

தண்டுவடத்துக்கு முன்னாடி இருக்கற தசைநார் எலும்பா மாறி நசுக்கிட்டு இருந்துச்சு, ஜப்பான்காரங்களுக்கு அதிகமா வர்ற வியாதியாம், எனக்கு ஏன் வந்துச்சோ. பின்பக்கமா தொறந்து நாலு லெவல்ல பண்ணாங்க. அதுக்கு மேல மோசமாகல, ஆனா இன்னிக்கும் கைத்தடி தான். ஒண்ணரை வருஷம் முன்னாடி போயிருந்தா தடி இல்லாம இருந்திருப்பேனோ என்னமோ, டாக்டர் இருக்கலாம்னாரு, அதுக்கு மேல நான் கேக்கல.

நியூரோ சர்ஜனா ஆர்த்தோ ஸ்பைன் சர்ஜனான்னு நெறைய பேர் கேப்பாங்க. ரெண்டு பேரும் பண்றாங்க, யாரு இந்த ஆபரேஷன தெனம் பண்றவங்கன்னு பாருங்க. செலவுக்கு யோசிச்சா சென்ட்ரல் எதிர்ல ஜிஎச் இருக்கு, டாக்டர் பி. ராமமூர்த்தி 1950ல நியூரோ சர்ஜரி ஆரம்பிச்ச இடம் அது. கூட்டம் இருக்கும், டோக்கனுக்கு காலைல போய் நிக்கணும். இன்னொரு ஒப்பீனியன் வேணும்னா வேலூர் சிஎம்சி, சென்ட்ரல்ல ஏறி காட்பாடில எறங்கி போயிட்டு வந்துடலாம். நம்ம நாட்டுலயே முதல் நியூரோ சர்ஜரி டிபார்ட்மென்ட் 1949ல டாக்டர் ஜேக்கப் சாண்டி அங்க தான் ஆரம்பிச்சாரு.

7ங்கறது மோசமான்னு கேட்டீங்க. இன்னிக்கு 7ங்கறது முக்கியம் இல்லம்மா, அடுத்த வாரம் 5 ஆகுதா 8 ஆகுதாங்கறது தான்.

---

க்ளெய்ம் டெஸ்க் | ஜூலை 4

ஒரு ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுன்ட்டர்ல எட்டு வருஷம் இருந்தேன், அதனால காசு விஷயம் மட்டும். பாலிசி இருந்தா எப்ப எடுத்ததுன்னு பாருங்க, டிஸ்க் பிரச்சனைய பல பாலிசில முதல் 2 வருஷம் வெயிட்டிங் பீரியட்ல போட்டிருப்பாங்க, அதுக்குள்ள க்ளெய்ம் கிடைக்காது. மாத்திரை பிசியோ எதுவும் ட்ரை பண்ணாம நேரா ஆபரேஷன்னு போனா கேள்வி வரும், அதனால பிசியோ பில், டாக்டர் சீட்டு ஒண்ணையும் தூக்கிப் போடாதீங்க. எஸ்டிமேட்ல இம்ப்ளான்ட் (உள்ள வைக்கற கேஜ், ப்ளேட், ஸ்க்ரூ) தனியா எவ்ளோன்னு கேளுங்க, ரெண்டு லெவல்னா கேஜும் ரெண்டு, பெரிய வித்தியாசமே அங்க தான் வரும். ரூம் வாடகை லிமிட் தாண்டினா மத்த பில்லையும் அதே விகிதத்துல வெட்டுவாங்க, ஷேரிங் ரூம்னா அவமானம் இல்ல. வருமானம் கம்மின்னா முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, வருமானச் சான்று வாங்கி கார்டு இருக்கான்னு செக் பண்ணுங்க, நீங்க போற ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இருக்கான்னும் பாருங்க.

---

ஓஎம்ஆர் ரைடர் | ஜூலை 4

செயற்கை டிஸ்க் பத்தி யாரும் சொல்லல. நானும் விசாரிச்சேன். கழுத்துக்கு அமெரிக்கால 2007லேர்ந்து அனுமதி இருக்கு, புதுசு ஒண்ணும் இல்ல. ஃப்யூஷன்ல ஒரு லெவல் ஆடாம போறதால மேலயும் கீழயும் இருக்கற லெவலுக்கு வேலை கூடுது, 1999ல வந்த ஒரு பெரிய ஆய்வுல 10 வருஷத்துக்குள்ள சுமார் நாலுல ஒருத்தருக்கு பக்கத்து லெவல்ல புதுசா தொந்தரவு வரலாம்னு கணக்கு போட்டாங்க, அது ஃப்யூஷனாலயா இல்ல வயசானா எப்படியும் வந்திருக்குமான்னு டாக்டருங்க இன்னும் சண்டை போட்டுக்கறாங்க. செயற்கை டிஸ்க் ஆடும்ங்கறதால அந்த பாரம் கொறையும்ங்கறது ஐடியா. ஆனா பின்னாடி இருக்கற சின்ன ஜாயின்ட்டெல்லாம் தேஞ்சிருக்கக் கூடாது, எலும்பு ஆட்டம் காணக் கூடாது. எனக்கு தேஞ்சிருந்துச்சு, இல்லன்னுட்டாங்க. விலையும் கூட.

---

வேளச்சேரி பிசியோ | ஜூலை 5

பெரியவர் சொன்னது தான் என் பதிலும். பவர் வாரா வாரம் எறங்கினா ஆறு வாரம்லாம் காத்திருக்க வேணாம், அடுத்த நாளே போங்க. ஏறினாலோ அப்படியே நின்னாலோ மூணாவது டாக்டர் சொன்னத கேக்கறதுல தப்பு இல்ல. நடுவுல நரம்பு டெஸ்ட் ஒண்ணு எடுக்கச் சொல்லி கேளுங்க, தையக்காரங்களுக்கு மணிக்கட்டுலயே நரம்பு அழுந்தி இதே விரல் மரக்கறது சகஜம். கழுத்த ஆபரேஷன் பண்ணிட்டு மணிக்கட்டுல பிரச்சனைன்னு தெரிஞ்சா அதவிட கொடுமை இல்ல.

அப்பறம் ஆரி ஃப்ரேம் எந்த ஹைட்ல இருக்கு? தரைல உக்காந்து மடில வச்சு போடறீங்கன்னா மொதல்ல அத மாத்துங்க. ஸ்டாண்ட் போட்டு நெஞ்சு உயரத்துக்கு ஏத்தி உங்க பக்கமா சாச்சு வைங்க, ஃப்ரேம் உங்ககிட்ட வரணும், நீங்க ஃப்ரேம்கிட்ட போகக் கூடாது. மெஷின் டேபிளுக்கு நாலு பக்கமும் செங்கல் வைங்க. அரை மணிக்கு ஒரு தடவ எந்திரிச்சு வாசல்ல யார் போறாங்கன்னு பாத்துட்டு வாங்க, கொளத்தூர்ல பாக்கறதுக்கா பஞ்சம். மாத்திரைல பிரிகாபலின் (நரம்பு வலி மாத்திரை) இருந்தா பகல்ல தூக்கம் தள்ளும், ஸ்கூட்டி ஜாக்கிரதை, திடீர்னு நிறுத்தவும் கூடாது.

---

கொளத்தூர் டெய்லரக்கா | ஆகஸ்ட் 20

மன்னிச்சுக்கோங்க, ஆவணி பொறந்ததுலேர்ந்து கடைல மூச்சு விட நேரம் இல்ல. என்னாச்சுன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க.

நரம்பு டெஸ்ட் எடுத்தேன், ஊசி குத்தி கரண்ட் வைக்கிறாங்க, பிரசவம் பாத்தவளுக்கே கண்ணுல தண்ணி வந்துச்சு. மணிக்கட்டுல ஒண்ணும் இல்ல, கழுத்துல ஆறாவது நரம்பு தான்னு உறுதியாச்சு. ஏழாவது நரம்பு சுத்தமா நார்மல். அத எடுத்துட்டு முதல் டாக்டர்கிட்ட போய் ரைடர் தம்பி சொன்ன மாதிரியே கேட்டேன், ஏன் சார் ரெண்டு லெவல்னு. பின்னாடி வரலாம், இப்பவே சேத்து முடிச்சிடலாம்னு தான்னாரு. கோவிச்சுக்கல, ஆனா வாட்ச்ச பாத்தாரு. ரெண்டாவது டாக்டர்கிட்டயும் காட்டினேன், அவரு ஏழாவது நரம்புல கம்ப்ளைன்ட் இல்லாதப்ப அந்த லெவல தொட காரணம் இல்லன்னாரு, பவர் ஏறிட்டு இருக்கறதால அவரே இப்ப வெயிட் பண்ணலாம்னு சொல்லிட்டாரு.

பாட்டில் கணக்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஆர்டர் நோட்டுலயே எழுதிட்டு வந்தேன், 7, 7, 8, 8, 12, 12, 15. நடுவுல 8லயே நின்ன வாரம் ஆஸ்பத்திரிக்கு பை கட்டிட்டேன், மாமியார் கூட ஆடியாவது ஒண்ணாவது போய் பண்ணிட்டு வாடின்னுட்டாங்க. அடுத்த வாரம் 12. வலி ஜூலை கடைசிலயே முக்கால்வாசி எறங்கிடுச்சு. கட்டை விரல் மரப்பு மட்டும் அப்படியே இருக்கு, மூணாவது டாக்டர் அது கடைசியா தான் போகும், போகாமயும் இருக்கலாம்னாரு. சின்ன ஜர்தோசி மட்டும் இன்னும் கண்ணால பாத்து பாத்து தான் கோக்கறேன். ரெண்டு வாரம் தொடர்ந்து எண்ணிக்கை எறங்கினா சி5-சி6 ஒரு லெவல் பண்ணிக்கறதுன்னு ரெண்டாவது டாக்டர்கிட்ட பேசி வச்சிருக்கேன், அதுக்கு காசும் தனியா எடுத்து வச்சாச்சு.

ஏழு ஆர்டர்ல மூணுக்கு அட்வான்ஸ் திருப்பிக் குடுத்துட்டேன், ஒரு பொண்ணு வீட்ல பேசினது காதுல இன்னும் இருக்கு, பரவால்ல. இஸ்திரி எல்லாம் தெரு முனை வண்டி அண்ணன்கிட்ட போவுது, பீஸுக்கு பத்து ரூபா. மெஷினுக்கு கீழ செங்கல், ஃப்ரேமுக்கு எங்க வீட்டுக்காரர் பழைய கட்டில் கால வெட்டி ஸ்டாண்ட் பண்ணிக் குடுத்தாரு, கொஞ்சம் ஆடுது.

அம்மா இப்ப திட்டறதில்ல. நேத்து காலைல காபி கொண்டு வந்து எழுப்பறப்ப, "கை கீழ வச்சு தூங்கற"ன்னாங்க. பாத்தேன், வலது கை தலகாணிக்கு பக்கத்துல சும்மா கெடந்துச்சு, எப்ப எறக்கினேன்னு எனக்கே தெரியல.